ஒவ்வொன்றும் ‘பார்டர்’: வளர்சிதை மாற்ற நோய்க்கூட்டும் விறைத்துப்போன ஓர் இதயமும்

முன்குறிப்பு

காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிறிய ஊரில் பொதுமருத்துவம் பார்க்கும் நான், 2023 பிப்ரவரி முதல் 2024 ஆகஸ்ட் வரை கவனித்துவந்த ஒரு பெண்மணியின் நிகழ்வை அவருடைய ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. வயிற்றுப் பருமன், சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு ஆகியவற்றின் கோளாறுகள் ஒருவரிடமே கூடுவதை மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இந்த வளர்சிதை மாற்ற நோய்க்கூட்டு, மாரடைப்பு வருவதற்கு முன்பே, ரத்தக் குழாய்களையும் இதயத் தசையையும் எப்படி விறைக்கச் செய்கிறது என்பதை இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டியது. முதல் முறை நான் அதைக் கவனிக்கத் தவறினேன் என்பதும் இதில் அடக்கம்.

பின்னணி

முதலில் என்னிடம் வந்தபோது அவருக்கு வயது 51. வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை வைத்திருந்தார். காலை ஒன்பது மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு மூன்றரை மணிக்குத்தான் எழுவார்; இரவுச் சாப்பாடு பத்தரைக்கு. இடையில் ஆறு டம்ளர் தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை. கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம். இருபது ஆண்டுகள் கால் மிஷின் மிதித்தவர், 2016இல் அதில் மோட்டார் மாட்டியிருந்தார். வேலை இரட்டிப்பானது, கால்கள் ஓய்ந்தன. அவருடைய தந்தை 56 வயதில் மாரடைப்பில் இறந்தவர். அக்காவுக்குச் சர்க்கரை நோய் உண்டு.

ஒரு மஞ்சள் பையில் பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தார். 2018இல் பார்த்த சோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 182. 2020இல் ஒரு முகாமில் ரத்த அழுத்தம் 136/88. 2021இல் வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் முதல் நிலைக் கொழுப்பு. நான்கும் நான்கு தாள்களில், மூன்று வெவ்வேறு இடங்களில் எழுதப்பட்டவை. ஒவ்வொன்றையும் பார்த்தவர்கள் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: பார்டர். சாப்பாட்டில் கவனமாக இருங்கள், உப்பைக் குறையுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். தனித்தனியே பார்த்தால் எதுவும் பிழையான அறிவுரை இல்லை. நான்கு தாள்களையும் ஒரே மேசையில் ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

முதல் வருகை: பிப்ரவரி 2023

கடைக்கு மேலே மாடியில் வீடு. ஏறுவதற்கு 22 படிகள். பாதியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது என்பதே அவருடைய முறையீடு. மாலையில் கணுக்கால் லேசாக வீங்குவதாகவும் சொன்னார். மாதவிடாய் நின்று ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. “இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்றாங்க டாக்டரம்மா” என்று அவரே ஒரு விளக்கத்தையும் வைத்திருந்தார்.

உயரம் 152 சென்டிமீட்டர், எடை 58 கிலோ. பார்வைக்குப் பருமனானவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரத்த அழுத்தம் 142/86. ஈசிஜி சீராக இருந்தது, நெஞ்சு எக்ஸ்ரேயில் குறையில்லை, தைராய்டு சரியாக இருந்தது, ஹீமோகுளோபின் 11.2. எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க அனுப்பினேன். அறிக்கையின் முதல் வரியில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவு 64 விழுக்காடு என்று இருந்தது; அது இயல்பானது. நான்காவது வரியில், இதயம் விரிந்து ரத்தத்தை வாங்கும் திறனில் முதல் நிலைக் குறை என்றும், இடது கீழறைச் சுவரின் தடிப்பு 12 மில்லிமீட்டர் என்றும் இருந்தது. இந்த நான்காவது வரியை நாற்பது வயதைத் தாண்டியவர்களின் அறிக்கைகளில் அடிக்கடி பார்த்துப் பார்த்து, அதைக் கடந்து போகும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. நானும் கடந்தேன். “பம்ப் நல்லா வேலை செய்யுதும்மா, ரத்தம்தான் கொஞ்சம் குறைவு” என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரையும் உப்பைப் பற்றிய அறிவுரையும் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னேன். இடுப்பை அளக்கவில்லை. மஞ்சள் பையைத் திறக்கச் சொல்லவும் இல்லை.

ஜூன் மாதத்து இரவு

நான்கு மாதங்களில், உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில் இரண்டு நாள் தொடர்ந்து பந்திச் சாப்பாடு: அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் என எல்லாமே உப்பு. திரும்பி வந்த இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறி எழுந்தவர், படுக்க முடியாமல் சன்னலோரம் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். விடியற்காலையில் பக்கத்து நகரத்து அவசரப் பிரிவில் சேர்த்தபோது ரத்த அழுத்தம் 168/94, நுரையீரலின் அடிப்பகுதிகளில் நீர் கோத்த ஒலி. நீர் பிரிக்கும் ஊசி போட்டதும் இரண்டு மணி நேரத்தில் மூச்சு சீரானது. ஈசிஜியிலும் டிரோபோனின் சோதனையிலும் மாரடைப்புக்கான தடயம் இல்லை. மூன்றாம் நாள் ரத்த அழுத்த மாத்திரையான அடினோலால் 50 மில்லிகிராமோடும் நீர் மாத்திரையோடும் வீடு திரும்பி, அடுத்த வாரம் என்னிடம் வந்தார்.

வலுவாகச் சுருங்கும் இதயம் உள்ள ஒருவருக்கு நுரையீரலில் நீர் கோத்தது ஏன் என்ற கேள்விதான், பிப்ரவரி மாத அறிக்கையின் நான்காவது வரிக்கு என்னைத் திரும்பக் கொண்டுபோனது.

மறுபார்வை

அன்று இடுப்பை அளக்க நாடாவைத் தேடினேன்; மேசை இழுப்பறையில் இல்லை. அவர் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பையே எடுத்து நீட்டினார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளந்தபோது 36¼ அங்குலம், அதாவது 92 சென்டிமீட்டர். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரே எல்லை, ஆண்களுக்கு 90. இதைச் சொன்னதும் அவர் சற்று யோசித்துவிட்டு, மறுநாள் தன் அளவு நோட்டைக் கொண்டுவந்தார். வாடிக்கையாளர்களின் மார்பு, இடுப்பு, சீட் அளவுகள் வரிசையாக எழுதப்பட்ட நோட்டு அது. கடைசிப் பக்கத்தில், தனக்குச் சுடிதார் வெட்டும்போதெல்லாம் குறித்துவைத்த அளவுகள் இருந்தன: 2015இல் இடுப்பு 30½, 2018இல் 33, 2021இல் 35. அதே காலத்தில் எடை 53 கிலோவிலிருந்து 58 ஆகத்தான் ஏறியிருந்தது. எட்டு ஆண்டுகளில் ஐந்தே கிலோ, ஆனால் ஏறக்குறைய ஆறு அங்குலம். கையும் காலும் மெலிந்திருக்க, வயிற்றுக்குள் மட்டும் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. எந்த மருத்துவமனையின் கோப்பிலும் இவ்வளவு ஒழுங்கான இடுப்பளவு வரலாற்றை நான் பார்த்ததில்லை.

ரத்தச் சோதனைகளை மொத்தமாகச் செய்தோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 118, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.3, டிரைகிளிசரைடு 214, ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல் 36, ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் 112, மொத்தக் கொழுப்பு 191. இந்தக் கடைசி எண் 200க்குக் கீழே இருப்பதால் ஆய்வகத் தாளில் ‘நார்மல்’ என்றே அச்சாகியிருந்தது. 2009இல் பல அமைப்புகள் கூடி ஒப்புக்கொண்ட வரையறையின்படி, இடுப்பளவு, டிரைகிளிசரைடு (150க்கு மேல்), எச்டிஎல் (பெண்களுக்கு 50க்குக் கீழ்), ரத்த அழுத்தம் (130/85க்கு மேல்), வெறும் வயிற்றுச் சர்க்கரை (100க்கு மேல்) ஆகிய ஐந்தில் எவையேனும் மூன்று இருந்தால் வளர்சிதை மாற்ற நோய்க்கூட்டு. இவரிடம் ஐந்துமே இருந்தன. 2018இன் சீட்டை இடுப்பளவோடு சேர்த்துப் படித்திருந்தால் அப்போதே மூன்று.

சிறுநீரில் புரதம் கசிவதைக் காட்டும் ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம் 46 ஆக இருந்தது. 30ஐத் தாண்டக் கூடாது. எக்கோவை மீண்டும் எடுத்து, இம்முறை விரிவு நிலையைத் தனியாக அளக்கக் கேட்டேன். இடைச்சுவர் தளரும் வேகம் நொடிக்கு 5 சென்டிமீட்டர். 7க்குக் குறைந்தால் குறை. இதயத்துக்குள் நிரம்பும் அழுத்தத்தை உணர்த்தும் விகிதம் 16. 14க்கு மேல் போனால் அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள். இடது மேலறையின் கொள்ளளவு உடற்பரப்புக்கு 38 மில்லிலிட்டர், எல்லை 34. இதயச் சுமை கூடினால் ரத்தத்தில் ஏறும் என்டி-புரோபிஎன்பி 410. சிடி ஸ்கேன் மூலம் பார்த்த இதயத் தமனிகளில் பெரிய அடைப்பு இல்லை. ஒன்றில் மட்டும் 30 விழுக்காட்டுக்கும் குறைவான படிவு.

ரத்தக் குழாயிலும் இதயத்திலும் நடந்திருப்பது

வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பு அன்று. அதிலிருந்து விடுபடும் கொழுப்பு அமிலங்கள் கல்லீரல் வாயில் சிரை வழியே நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் தன்னிடம் கொஞ்சம் தேக்கிக்கொண்டு, மீதியை டிரைகிளிசரைடு நிறைந்த துகள்களாக ரத்தத்தில் விடுகிறது. அந்தத் துகள்கள் எச்டிஎல்லோடும் எல்டிஎல்லோடும் கொழுப்பை மாற்றிக்கொள்வதால், எச்டிஎல் குறைகிறது. எல்டிஎல் துகள்கள் சிறுத்து அடர்த்தியாகி, குழாய்ச் சுவருக்குள் எளிதில் நுழைபவையாகின்றன. இவருடைய எல்டிஎல் 112 என்ற எண் சாதுவாகத் தோன்றியதற்கும் தமனியில் படிவு இருந்ததற்கும் இடையிலான முரண்பாடு இதனால் ஓரளவு விளங்குகிறது.

இன்சுலினுக்கு ரத்தக் குழாயின் உட்படலத்தில் இரண்டு வேலைகள் உண்டு. ஒரு பாதையில் அது நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கிக் குழாயைத் தளர்த்துகிறது. இன்னொரு பாதையில் எண்டோதீலின் என்ற பொருளைத் தூண்டிக் குழாயை இறுக்குகிறது. உடல் இன்சுலினுக்கு மசியாமல் போகும்போது முதல் பாதைதான் மங்குகிறது, இரண்டாவது மங்குவதில்லை. மசியாத உடலை மசியவைக்கக் கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்க, இறுக்கும் பாதைக்கே தீனி கிடைக்கிறது. நைட்ரிக் ஆக்சைடின் இந்தப் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்சுலின் எதிர்ப்பு, உயர் ரத்த அழுத்தம், கொழுப்புக் கோளாறு ஆகியவற்றை ஒரே கொத்தாகப் பார்க்க வேண்டும் என்று ஜெரால்ட் ரீவன் சொன்னது அதற்குப் பத்து ஆண்டு முன்பு, 1988இல். நம் சீட்டுகளில் அந்தக் கொத்து இன்னும் உதிரியாகத்தான் கிடக்கிறது.

அதே மிகை இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கிவைக்கிறது. உடலைப் பரபரப்பாக்கும் பரிவு நரம்புகளை முடுக்குகிறது. பெருந்தமனி மெல்ல மெல்ல நெகிழ்வை இழக்கிறது. நெகிழ்வான பெருந்தமனியில், இதயம் அனுப்பிய அழுத்த அலை உடலின் ஓரங்களில் பட்டுத் திரும்பும்போது இதயம் ஓய்வில் இருக்கும். அந்த ஓய்வு நேரத்தில்தான் இதயத் தமனிகள் தமக்கான ரத்தத்தைப் பெறுகின்றன, திரும்பும் அலை அதற்குத் துணையாகிறது. விறைத்த தமனியில் அலை வேகமாகப் போய், இதயம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்து மோதுகிறது. இதயம் கூடுதல் சுமையைத் தள்ள வேண்டும், தனக்கான ரத்தமோ குறையும். ஆண்டுக்கணக்கில் இப்படித் தள்ளியதன் விளைவே 12 மில்லிமீட்டர்ச் சுவர்.

தடித்தது மட்டும் அன்று. இதயத் தசையினூடே ஓடும் நுண்குழாய்களிலும் உட்படலம் நலிந்து நைட்ரிக் ஆக்சைடு குறைவதால், தசை நாருக்கு வில்போல் நெகிழ்வு தரும் டைட்டின் என்ற புரதம் விறைக்கிறது. நார்களுக்கிடையே வடுபோன்ற இழைமமும் கூடுகிறது. அப்படிப்பட்ட இதயம் சுருங்குவதில் குறை வைக்காது, விரிவதற்குத்தான் மறுக்கும். படியேறும்போது துடிப்பு வேகமாகி, நிரம்பக் கிடைக்கும் நேரம் குறையும். உள்ளே போக முடியாத ரத்தத்தின் அழுத்தம் மேலறை வழியே நுரையீரலுக்குப் பின்வாங்கும். அவர் பதினோராவது படியில் நின்றது இதனால்தான். சிறுநீரில் கசிந்த ஆல்புமினும் அதே உட்படலம் சிறுநீரகத்தில் நலிந்ததன் அடையாளம்.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

இது இதயச் செயலிழப்புதானா என்பதில் முதலில் தயக்கம் இருந்தது. 2018இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட மதிப்பெண் முறை, உடல் நிறை எண் (பிஎம்ஐ) 30ஐத் தாண்டினால் இரண்டு மதிப்பெண் தருகிறது. இவருடைய எண் 25தான் என்பதால், அந்த முறையின்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இவருக்கு மதிப்பெண் வரவில்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு முறையில், எக்கோ அளவுகளையும் என்டி-புரோபிஎன்பியையும் சேர்த்தால் ஆறுக்கு ஆறு. நம்மவர்களின் பருமன் வயிற்றில் இருக்கிறது, எடையில் இல்லை. இந்தியா முழுவதும் நடந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வின் 2023ஆம் ஆண்டு அறிக்கையிலும் பொதுவான உடற்பருமன் 28.6 விழுக்காடு, வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காடு. எனவே சுருங்கும் திறன் குன்றாத இதயச் செயலிழப்பு என்றே முடிவு செய்து, அதைச் சீட்டில் தெளிவாக எழுதினேன்.

அடினோலாலைப் படிப்படியாக நிறுத்தினேன். அது சர்க்கரையையும் டிரைகிளிசரைடையும் சற்று ஏற்றக்கூடியது, இவருக்கு அதைத் தொடரத் தனிக் காரணமும் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40, பிறகு 80 மில்லிகிராம். ஆல்புமின் கசிவையும் அது குறைக்கும். அம்லோடிபின் கணுக்கால் வீக்கத்தை உண்டாக்கி, இதயத்தால் வந்த வீக்கமா மாத்திரையால் வந்ததா என்று குழப்பும் என்பதால் தவிர்த்தேன். சர்க்கரை நோய்க்கும் இதயச் செயலிழப்புக்கும் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம் சேர்த்தது முக்கியமான முடிவு. சர்க்கரை நோய் இல்லாதவர்களையும் உள்ளடக்கி 2022இல் வெளிவந்த டெலிவர் ஆய்வில், இவ்வகை இதயச் செயலிழப்பு மோசமடைவதும் இதய மரணமும் சேர்ந்த ஆபத்து 18 விழுக்காடு குறைந்திருந்தது. காப்புரிமை முடிந்து விலையும் கைக்கெட்டியிருந்தது. தந்தையின் மரணத்தையும் தமனிப் படிவையும் கருதி, கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராம். நீர் மாத்திரை வீக்கம் வந்தால் மட்டும்.

சாப்பாட்டில் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. தேநீரில் சர்க்கரை வேண்டாம், இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள், சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காயும் சுண்டலும், வடகமும் ஊறுகாயும் கருவாடும் வீட்டில் வாங்குவதே இல்லை. இந்த நான்கு மட்டும். நடையைப் பற்றிப் பேசும்போது, நேரமில்லை என்று தலையசைத்தவர், கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஓரம் அடிக்கிறதுக்கு மட்டும் மோட்டார் பெல்ட்டைக் கழட்டிட்டு மிதிச்சா ஆகுமா டாக்டரம்மா?” என்று கேட்டார். இயங்கும் தசை இன்சுலின் துணையின்றியே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால், நாள் முழுவதும் பரவிய அந்த மிதிப்பு, ஒரே மூச்சில் நடக்கும் நடைக்குக் குறைந்ததன்று. அதையே எழுதிக்கொடுத்தேன். ஒரு மருந்துச்சீட்டில் ‘மோட்டார் பெல்ட்டைக் கழற்றவும்’ என்று நான் எழுதியது அன்றுதான் முதல்முறை.

தொடர்ந்து நடந்தது

இரண்டு மாதங்களில் எடை 56 கிலோவானது, ரத்த அழுத்தம் 138/84க்கு இறங்கியது. ஆனால் ஆகஸ்ட் இறுதியில் மூச்சு வாங்குவது மீண்டும் தலைகாட்டியது. என்னிடம் எல்லா மாத்திரையும் சாப்பிடுவதாகச் சொன்னவர், வெளியே செவிலியரிடம்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறார்: பிறப்புறுப்பில் அரிப்பு தாங்காமல் டாபாகிளிஃப்ளோசினை மூன்று வாரமாக நிறுத்திவிட்டார். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் இந்த மருந்தால் பூஞ்சைத் தொற்று வருவது நன்கு தெரிந்த ஒன்று. நான் சொல்லியிருக்க வேண்டும். ‘தண்ணீர் நிறையக் குடியுங்கள்’ என்பதோடு நிறுத்தியிருந்தேன். களிம்பும் ஒரு வேளை மாத்திரையும் கொடுத்ததில் அரிப்பு அடங்கியது. சுத்தம் பற்றிச் செவிலியர் விளக்கினார். மருந்து மீண்டும் தொடங்கியது.

அடுத்த சறுக்கல் தீபாவளி. அக்டோபரிலும் நவம்பர் முதல் பத்து நாள்களிலும் இரவு ஒரு மணி வரை தையல். பெல்ட் மீண்டும் மாட்டப்பட்டது, மாத்திரைகள் விட்டுப்போயின. பண்டிகை முடிந்த மறுநாள் கால்கள் வீங்கி, எடை இரண்டு கிலோ கூடி வந்தார். மூன்று நாள் நீர் மாத்திரையில் சரியானது. அந்த வாரமே கந்தசஷ்டி விரதம் தொடங்கியது. பட்டினி நாள்களில் டாபாகிளிஃப்ளோசின் ரத்தத்தை அமிலமாக்கும் ஆபத்து உண்டு என்பதால், விரத நாள்களில் அதை மட்டும் நிறுத்தி, முழுச் சாப்பாடு தொடங்கிய பின் மீண்டும் எடுக்கச் சொன்னேன். இதையாவது முன்கூட்டியே சொன்னேன்.

2024 ஆகஸ்டில் எடை 54, இடுப்பு 33¼ அங்குலம், ரத்த அழுத்தம் 126/78. வெறும் வயிற்றுச் சர்க்கரை 98, எச்பிஏ1சி 5.8, டிரைகிளிசரைடு 138, எச்டிஎல் 41, எல்டிஎல் 64. ஆல்புமின் விகிதம் 18. எக்கோவில் நிரப்பு அழுத்த விகிதம் 16இலிருந்து 12 ஆனது, மேலறை 38இலிருந்து 35 ஆனது. இடைச்சுவர் தளரும் வேகம் மட்டும் 5இலிருந்து 6க்குத்தான் நகர்ந்தது. இருபத்திரண்டு படிகளையும் நிற்காமல் ஏறுகிறார். மேலே போனதும் சற்று நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அழுத்தம் குறைந்திருக்கிறது, விறைப்பு அநேகமாக அப்படியே இருக்கிறது என்றே இந்த எண்களைப் படிக்கிறேன். கண்டிப்பாகக் கணக்கிட்டால் இடுப்பு, எச்டிஎல், மருந்தால் அடங்கிய ரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் இன்னும் எல்லைக்கு வெளியேதான். ஆக, நோய்க்கூட்டு இன்னும் நீங்கவில்லை.

மாற்றிக்கொண்டவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு எடைக்கருவிக்குப் பக்கத்திலேயே ஓர் இஞ்சு டேப்பை ஆணியில் மாட்டியிருக்கிறேன். முப்பது வயதைத் தாண்டிய எவருக்கும், எதற்காக வந்திருந்தாலும், செவிலியர் இடுப்பை அளந்து ரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் எழுதுகிறார். பழைய சீட்டுகளைக் கொண்டுவந்தவர்களிடம் ஐந்து எண்களையும் ஒரே தாளில் ஒரே வரிசையில் எழுதுகிறோம். ‘பார்டர்’ என்ற சொல்லை நாங்கள் எழுதுவதில்லை, எண்ணையே எழுதுகிறோம். எக்கோ அறிக்கையில் முதல் வரி இயல்பாக இருந்தாலும் மூச்சு வாங்குபவருக்கு விரிவு நிலை அளவுகளைக் கேட்டு வாங்குகிறோம். டாபாகிளிஃப்ளோசின் தொடங்கும் பெண்களிடம் அரிப்பைப் பற்றிச் செவிலியர் முதல் நாளே பேசுகிறார்.

பிப்ரவரி 2023க்குத் திரும்ப முடிந்தால் நான் இன்னும் ஒன்றைச் செய்திருப்பேன்: அவர் எப்போது மோட்டார் மாட்டினார் என்று கேட்டிருப்பேன். அன்றே மருந்து தொடங்கியிருந்தால் ஜூன் மாத இரவைத் தவிர்த்திருக்கலாம் என்று நினைக்கிறேன். இதயச் சுவரின் விறைப்பைத் தவிர்க்க 2018லேயே தொடங்கியிருக்க வேண்டும்.

அடுத்த எக்கோவைத் தீபாவளிக்கு முன்பே எடுப்பதாகவும், பண்டிகைக் காலத்துக்கு உதவிக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்வதாகவும் பேசி முடித்திருக்கிறோம். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 33¼க்குக் கீழே அடுத்த தேதியை மட்டும் எழுதி, அளவுக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்.